துப்பறியும் பெண்ணும் தூற்றப்படும் வாசகரும்

துப்பறியும் கதைகளைப் பற்றி நம்மவர் அவையில் பேச எழுபவர் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத விதி. "பொழுதுபோக்கிற்காக எப்போதோ ஒன்றிரண்டு படித்ததுண்டு" என்று தொடங்கி, "ஆயினும் இவை இலக்கியமாகா" என்று முடித்துவிட்டால் அவை அமைதியுறும், தலைவரும் தலையசைப்பார். இக்கட்டுரை அவ்விதிக்குக் கட்டுப்பட்டதன்று. நான் அக்கதைகளை நிறையப் படித்தவன், இன்னும் படிக்கிறவன். அதனினும் மேலாக, அவற்றைப் படிக்கும் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்கிறவன். அவ்வாறு கேட்டதிலிருந்து எழுந்ததுதான் இந்தச் சண்டை.

சொல்ல வந்ததை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்த கதையைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். தமிழில் படித்த கதையைப் பற்றிப் பாராட்டுரை ஒப்பிக்கிறார்கள். ஒரே வாய்தான், ஒரே பிள்ளைதான். ஆயினும் ஆங்கிலம் தீர்ப்புச் சொல்லும் மொழியாகவும் தமிழ் தலைவணங்கும் மொழியாகவும் அப்பிள்ளையின் உள்ளத்தில் பிரிந்து நிற்கின்றன. இதற்குப் பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. பிரித்து வைத்தவர்கள் நாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆங்கிலக் கதை படிக்கும் நம் பெண்பிள்ளைகளின் கைகளில், இளம் ஆசிரியைகளின் கைகளிலுங்கூட, ஸ்தெபனி பிளம் என்பவளைப் பற்றிய நாவல்களைக் கண்டிருக்கிறேன். ஜேனட் இவானோவிச் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1994 ஆம் ஆண்டில் தொடங்கிய வரிசை அது. முதல் நூலின் தலைப்பில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று பெரும்பாலும் எண்ணை வைத்தே பெயரிட்டுக்கொண்டு போய், இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. நாயகி நியூ ஜெர்சி மாநிலத்துத் திரெண்டன் நகரத்தவள். பெண்களின் உள்ளாடைகளைக் கடைக்குக் கொள்முதல் செய்யும் வேலையில் இருந்தவள், அவ்வேலை போயிற்று. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக் காலந்தள்ளினாள். தவணை கட்டாத காரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு வழியின்றி, பிணைத் தொழில் நடத்தும் உறவுக்காரன் ஒருவனை மிரட்டி, தலைமறைவானவர்களைத் தேடிப் பிடித்துத் தரும் வேலையை வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கு அத்தொழிலில் பயிற்சி இல்லை. துணிச்சலும் அளவாகத்தான் உண்டு. துப்பாக்கியைப் பிஸ்கட் டப்பாவிற்குள் வைத்திருப்பவள். இறந்தவரைக் கிடத்தியிருக்கும் மண்டபங்களுக்குப் பொழுதுபோக்காகப் போய்வரும் பாட்டி ஒருத்தி அவளுக்கு உண்டு. கதைக்குக் கதை அவளுடைய கார்கள் எரிகின்றன, வெடிக்கின்றன, நொறுங்குகின்றன.

அவள் செய்யும் தொழிலைச் சற்று விளக்காவிடில் கதை விளங்காது. அமெரிக்காவில் கைதானவர் வழக்கு முடியும்வரை வெளியிலிருக்க வேண்டுமாயின் நீதிமன்றம் பெருந்தொகை ஒன்றைப் பிணையாகக் கேட்பதுண்டு. கையில் பணமில்லாதவர் பிணைத் தரகரிடம் போவார். தொகையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு தரகர் முழுத்தொகைக்கும் பொறுப்பேற்பார். வழக்கு நாளன்று குற்றஞ்சாட்டப்பட்டவர் வராமல் ஓடிவிட்டால் தரகரின் பணம் போகும். ஆகவே அவர் ஆளை அமர்த்தி ஓடியவரைத் தேடுவார். பிடித்தால் கூலி, பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. மாநில எல்லை கடந்தும் துரத்தலாம், வேண்டுமாயின் வீடு புகுந்தும் பிடிக்கலாம் என்ற அளவுக்கு இவர்களுக்குரிய அதிகாரத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1872 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிலேயே பேசியிருக்கிறது. நம் நாட்டில் இப்படியொரு வாணிகம் கிடையாது. உறவினரோ நண்பரோ நீதிமன்றத்திற்கு வந்து பிணை நிற்க வேண்டும்; ஓடியவரைத் தேடுவது போலீசாரின் வேலை. வேடிக்கை என்னவெனில், நியூ ஜெர்சி மாநிலமே 2017 சனவரி முதல் பணப் பிணை முறையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. நாயகியின் பிழைப்பு அவள் ஊரிலேயே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. கதையில் மட்டும் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இனி, படித்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். சிரிப்பு வருகிறது என்பது எல்லாரும் முதலில் சொல்வது. நாயகி அறிவுக் கொழுந்தாக இல்லாமல் தட்டுத் தடுமாறிப் பிடிக்கிறாள், அதனால் நெருக்கமாக இருக்கிறாள் என்பர் சிலர். பாட்டிக்காகவே படிக்கிறோம் என்பாரும் உளர். குறை சொல்லத் தொடங்கினால்தான் அவர்கள் உண்மையில் சுவையாகப் பேசுகிறார்கள். மொரெல்லி என்னும் போலீஸ்காரனா, ரேஞ்சர் என்னும் காவல் நிறுவனக்காரனா என்று முப்பது நூல்களாக முடிவெடுக்காமல் இருப்பவளை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள். உலகம் முப்பதாண்டு நகர்ந்திருக்க, அவளுக்கு மட்டும் வயது ஏறுவதில்லை என்கிறார்கள். முதல் பத்து நூல்களோடு நிறுத்தியிருக்கலாம் என்பார் ஒருவர், மற்றவர், "எனக்கு அதே கார், அதே பாட்டி, அதே சண்டைதான் வேண்டும், களைத்து வீடு திரும்புகிறவளுக்குப் புதுமை எதற்கு?" என்பார். இரண்டாமவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டியதில்லை. கதை முழுதும் தெரிந்தே விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே நாம்.

என் கருத்தையும் கேட்பீராயின், வாசகர் சொல்லும் குறைகளுக்கெல்லாம் அடியில் ஒரு குறை கிடக்கிறது. முதல் நூலில் வறுமை மெய்யானது. சாமான் விற்றுத் தின்னும் வீட்டின் வெறுமை அதில் இருக்கிறது. அந்த வெறுமைக்கு நடுவில் சிரிப்பு எழுவதால் அச்சிரிப்பிற்கு எடை உண்டு. போகப் போக வறுமை நாடக மேடைத் திரையாகிவிடுகிறது. கார் எரிந்தால் அடுத்த கார் எங்கிருந்தோ வந்துவிடுமென்று நமக்குத் தெரிந்துபோகிறது. இழக்க ஒன்றுமில்லாதவள் ஓடுவதைப் பார்த்து எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? "சலித்துவிட்டது" என்று வாசகர் சொல்வது இதைத்தான்.

இந்த வாசகர்களுள் பலர் திறனாய்வு நூல் எதனையும் தொட்டவரல்லர். ஆயினும் பாத்திர வளர்ச்சி, கதைப் பின்னல், நடை, நம்பகம் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவற்றை எல்லாம் அவர்கள் தம் சொல்லில் தொட்டுவிடுகிறார்கள். இதே பெண்ணை, படிவம் நான்கிலோ ஐந்திலோ தமிழ் இலக்கியப் பாடத்துக்குரிய நாவலைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். "ஆசிரியர் மிகச் சிறப்பாகப் படைத்துள்ளார்" என்று தொடங்குவாள். "சமுதாயத்திற்கு நல்ல படிப்பினை" என்று முடிப்பாள். நடுவில் உள்ளவை நாம் படியெடுத்துக் கொடுத்த குறிப்பிலிருந்து வந்தவை. மூன்றாம் அத்தியாயத்தில் தனக்குத் தூக்கம் வந்ததை அவள் எழுதமாட்டாள். எழுதினால் மதிப்பெண் போகும் என்று அவளுக்குத் தெரியும். தேர்வின் கட்டாயம் அது என்று நாம் சொல்லலாம், பாதி உண்மை. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுநாள் அவள் அந்நாவலைப் பற்றி ஒரு சொல்லேனும் யாரிடமேனும் பேசுகிறாளா என்பதே மறுபாதி.

"வாசகர் கருத்து வேறு, திறனாய்வு வேறு; தெருவில் போகிறவர் சொல்வதெல்லாம் இலக்கியக் கருத்தாகிவிடுமா?" என்று கேட்பவர்கள் நம் வரலாற்றையே மறந்தவர்கள். 1950களின் தொடக்கத்தில் இந்நாட்டில் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்தியது. தமிழ் முரசில் ரசனை வகுப்பு நடந்தது. அவற்றை முன்னின்று நடத்திய சுப. நாராயணன் பட்டம் பெற்றவர்களை மட்டும் அழைத்துக் கூட்டம் போடவில்லை. தோட்டத்தில், கடையில், அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் எழுதினார்கள். எழுதியதைத் தாங்களே எடை போடவும் கற்றார்கள். மலாயாத் தமிழ்ச் சிறுகதை தலைநிமிர்ந்ததற்கு அவ்வகுப்புகளும் ஒரு காரணம் என்று நாமே மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அன்று வாசகரைக் கருத்துச் சொல்ல வைத்தது அருஞ்செயல். இன்று வாசகர் கருத்துச் சொன்னால் அது அரட்டையா? 1924 இல் தோன்றிய தமிழ் நேசன் 2019 இல் நின்றுபோயிற்று. அதன் மறைவுக்கு இரங்கியவர்கள், அது ஒருகாலத்தில் வாசகரை நடத்திய முறைக்கும் சற்று இரங்கியிருக்கலாம்.

அடுத்து, "துப்பறியும் கதை நமக்கு அயலானது, மேனாட்டுச் சரக்கு" என்னும் வாதம். சரக்கு வந்த வழி உண்மைதான்; ஆனால் அது வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவியும் தாமே புனைந்தும் எழுதியவற்றைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டிக் கற்றவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். 1917 இல் வெளியான க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'யை மலாயாத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்வர். அதனைப் பின்தொடர்ந்து இங்கு எழுதப்பட்ட முற்கால நாவல்களிலும் மர்மமும் திடீர்த் திருப்பமும் மறைந்தவர் மீள்வதும் மலிந்திருந்தன. நம் நாவலுக்குத் தாய்ப்பாலில் கலந்து வந்த சுவையை இன்று நஞ்சென்கிறோம்.

நகைச்சுவையும் துப்பறிதலும் சேர்ந்த கலவையும் நமக்குப் புதிதன்று. ஸ்தெபனி பிளம் பிறப்பதற்கு ஐம்பதாண்டுக்கு முன்பே, 1940களில், ஆனந்த விகடனில் தேவன் 'துப்பறியும் சாம்பு'வை உலவவிட்டார். சாம்பு வங்கி எழுத்தராக இருந்து வேலை இழந்தவன். அசடு என்று ஊர் சொல்லும் ஆள். எதையோ செய்யப் போய் எதையோ உளறித் திருடனைப் பிடித்துவிடுவான். ஊர் அவனை மேதை என்று கொண்டாடும். திரெண்டன் நகரத்துப் பெண்ணும் இதே வழியில் பிழைப்பவள்தான்: வேலையிழப்பு, அசட்டுத்தனம், தற்செயல் வெற்றி. தேவன் எழுதிய தமிழ் இன்றும் புளிக்கவில்லை. ஒரு பத்தியை உரக்கப் படித்தால் வகுப்பு சிரிக்கும். தமிழ் படிக்கும் எத்தனை மாணவர்க்குச் சாம்புவை நாம் அறிமுகம் செய்திருக்கிறோம்? தமிழ்வாணனின் சங்கர்லாலை எத்தனை பேர்க்கு? துப்பறியும் கதையால் மொழி கெடும் என்போர்க்கு, நல்ல தமிழை ஒரு கொள்கையாகவே தூக்கிப் பிடித்த தமிழ்வாணன் எழுதியதும் துப்பறியும் கதையே என்பதை நினைவூட்டவேண்டியிருக்கிறது.

இத்தனையும் சொன்னபின் என்னை மாத நாவல்களின் வழக்கறிஞர் என்று யாரும் எண்ணவேண்டா. அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. பெண்ணைப் பற்றிய வழக்கு.

ராணி முத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று தமிழகத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் தொங்கிய அந்நூல்கள், 1980களில் நம் பெண்களின் வாசிப்பைத் தாங்கி நின்றன. ஆலை வேலைக்குப் பேருந்தில் போனவர்களும் சமையற்கட்டில் அடுப்பைக் கவனித்தவர்களும் அவற்றைப் படித்தார்கள். ஒரு பிரதியைப் பத்து வீடுகள் படித்தன. அந்தப் பெண்களுக்கு அந்நாவல்கள் திருப்பிக் கொடுத்தது என்ன? பெரும்பாலானவற்றில் பெண்ணுக்கு மூன்று வேலைகள்தாம் உண்டு. அட்டையில் முகம், முதல் அத்தியாயத்தில் பிணம், எஞ்சிய அத்தியாயங்களில் உதவியாளர். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா பரத்துக்கு ஈடாக வாயாடுவாள். அவள் பனியனில் எழுதியிருக்கும் வாசகத்தைப் படிக்கவே கதையைத் திறந்தவர்கள் உண்டு. சுபாவின் வைஜயந்தி நரேந்திரனோடு ஓடுவாள், குதிப்பாள். ராஜேஷ்குமாரின் ரூபலா விவேக்கின் மனைவி. மூவரும் அறிவுடைய பெண்களே. ஆயினும் கடைசி அத்தியாயத்தில் கையைக் கட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்து விளக்குபவர் பெரும்பாலும் யார்? சுஜாதாவின் கணேஷும் வசந்தும் இருவருமே ஆண்கள். வசந்தின் வேடிக்கைப் பேச்சில் பாதி, பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பிறப்பது. நானும் சிரித்தவன்தான். என்றாலும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த அந்த மாத நாவல்களில், தானே வழக்கை ஏற்று, தானே தடுமாறி, தானே முடித்து, தன் கூலியைத் தானே எண்ணி வாங்கும் பெண்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் விரல் மிஞ்சும்.

இத்தனைக்கும் வை. மு. கோதைநாயகி அம்மாள், பள்ளி சென்று படிக்காத பெண், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி வெளியிட்டார். துப்பறியும் போக்குடையவையும் அவற்றுள் உண்டு. எழுதுகோலும் அச்சுக்கூடமும் ஒரு பெண்ணின் கையில் இருந்த காலத்தைப் பார்த்துவிட்ட மொழி, துப்பறியும் தொழிலைப் பெண்ணுக்கு உதவி வேலையாகவே வைத்திருப்பது எவ்வளவு வெட்கம்! ஆகவே கிள்ளானில் இருக்கும் ஒரு பெண், தன்னைப் போன்றவள் வழக்கை முடிப்பதைப் படிக்க விரும்பினால் திரெண்டன் நகரத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அல்லது அலெக்சாந்தர் மெக்கால் ஸ்மித் 1998 முதல் எழுதிவரும் போட்ஸ்வானா நாட்டுத் துப்பறியும் பெண்மணி ராமோட்ஸ்வேயைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியிருக்கிறது.

இடையில் ஒன்று. 2008 இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், தமிழ்வாணன் முதலியோரின் கதைகளை ப்ரீத்தம் சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. அதன்பின் அதுவரை இக்கதைகளைத் தொட மறுத்த கைகள் சில, ஆங்கிலத்தில் அவற்றைப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கு எடுத்துச் சென்றன. தமிழில் இருந்தபோது குப்பை. ஆங்கிலத்தில் வந்தபோது பண்பாட்டு ஆவணம். நம் தாழ்வு மனத்தை அளக்க இதைவிட நல்ல கோல் கிடையாது.

நம் எழுத்தாளர்களிடம் வருகிறேன். ஸ்தெபனி பிளம்மைத் தமிழில் பெயர்த்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிணைத் தரகர் இல்லாத நாட்டில் அத்தழுவல் பொய்க்கால் குதிரை ஆட்டமாகும். ஆனால் அவள் கதையில் முதலில் நிகழ்வது என்ன? தவணை கட்டாத காரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இக்காட்சி நமக்குத் தெரியாததா? 1967 ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் பெயரே தெரியாதவர்களுக்கும் 'கார் இழுக்கிறவர்கள்' யாரென்று தெரியும். விடிகாலை நான்கு மணிக்கு அடுக்குமாடி வீட்டின் கீழே வந்து நிற்பார்கள். கல்யாண மண்டபத்தின் வாசலிலும் வந்து நிற்பார்கள். அவ்வேலையில் ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்துப் பாருங்கள். இழுக்கவேண்டிய கார் அவளுடைய மாமாவுடையது. மாமா, பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்குப் பின்னால் காரை ஒளித்துவைத்துவிட்டுக் கோவிலில் அன்னதானம் பரிமாறிக்கொண்டிருக்கிறார். பாட்டிக்கும் பஞ்சமில்லை. நம் வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் அமர்ந்து, கருமாதிச் சாப்பாட்டில் எவ்வீட்டு வடை நன்றாயிருந்தது என்று ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்திருக்கும் பாட்டிமார் நமக்கு இல்லையா? 1971 ஆம் ஆண்டுத் தனியார் முகவர் நிறுவனச் சட்டம் துப்பறியும் நிறுவனங்களுக்கும் உரிமம் வகுத்திருக்கும் நாடு இது. களம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பாட்டி இருக்கிறாள். எழுதத்தான் ஆளில்லை.

ஆங்கிலத்தில் இதைச் செய்துவிட்டார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஷாமினி பிளிண்ட் 2009 இல் வெளியிட்ட முதல் இன்ஸ்பெக்டர் சிங் நாவலின் களம் கோலாலம்பூரே. பருத்த உடலும் வெள்ளைக் காலணியும் கொண்ட சீக்கிய அதிகாரி சிங்கப்பூரிலிருந்து இங்கே வந்து வேர்த்து விறுவிறுத்துத் துப்பறிகிறார். அந்த வேடிக்கைக்கு நடுவே சிவில் நீதிமன்றமும் ஷரியா நீதிமன்றமும் எதிரெதிரே நிற்கும் நம் நாட்டுச் சிக்கலையும் ஆசிரியர் தொட்டுவிடுகிறார். நம் தமிழ் நாவலாசிரியர் பலர் நேர்முகமாகத் தொடத் தயங்கும் பொருள் அது. துப்பறியும் கதையின் முக்காட்டுக்குள் எளிதாக நுழைந்துவிட்டது.

நாம் ஏன் எழுதவில்லை? நம் போட்டிகளும் பரிசுகளும் பல்லாண்டுகளாகக் கண்ணீருக்கே மாலை சூட்டி வந்திருக்கின்றன என்பது என் எண்ணம். தோட்டத் துண்டாடலும் குடிகாரக் கணவனும் கைவிடப்பட்ட தாயும் மெய்யான துயரங்கள். அவற்றை எழுதியவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் துயரம் எழுதினால்தான் பரிசு என்று ஓர் இளைஞன் கற்றுக்கொண்டபின், அவன் எழுதும் துயரம் மெய்யானதாக இருக்குமா? தோட்டத்தையே பார்த்திராத பிள்ளை, பால்வெட்டைப் பற்றிப் பாட்டியிடம் இரண்டு சொல் கேட்டுவந்து கதை எழுதுகிறது. அது தன் கண்ணால் கண்ட ஷா ஆலம் நெடுஞ்சாலை நெரிசலையும், கடன் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புக்கு அம்மா குரலை மாற்றிப் பேசும் அழகையும் எழுதினால் நாம் 'தரம் போதாது' என்று திருப்பி அனுப்புகிறோம்.

எதிர்வாதங்களுள் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். "போலீஸ் நிலையமும் தடுப்புக் காவலும் நம் மக்களுக்கு வேடிக்கையான இடங்களல்ல, அங்கே என்ன நகைச்சுவை?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். 2009 சனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்த ஆ. குகன் இறந்தபோது அவருக்கு வயது 22. குடும்பத்தார் தொடுத்த வழக்கில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2013 இல் போலீசாரையும் அரசாங்கத்தையும் பொறுப்பாளிகளாக்கித் தீர்ப்பளித்தது. அந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, ஓடியவனைப் பிடிப்பவளைப் பற்றிச் சிரிப்புக் கதை சொல்ல எனக்கும் நாக்கு எழாது. ஆனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் பார்க்கலாம். தம்பியைப் போலீசார் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேட்டு, எந்த நிலையம் என்று தெரியாமல், ஒவ்வொரு முகப்பிலும் நின்று, "இங்கே இல்லை" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கண்டுபிடிக்கும் அக்காள் இந்நாட்டில் எத்தனை பேர்! அவர்கள் செய்வதுதானே துப்பறிதல்? முகப்பில் இருப்பவர் சொல்லும் சாக்குகளை அவர்கள் வீட்டிற்கு வந்து நடித்துக் காட்டும்போது குடும்பம் அழுதுகொண்டே சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அதிகாரத்தின் முன் கைகட்டி நிற்கவேண்டியவனுக்கு, வெளியே வந்தபின் இருக்கும் ஒரே உரிமை அது. துப்பறியும் பெண்ணை அந்த அக்காளாக எழுதினால், எழுதுகிறவர் யாருடைய பக்கம் நின்று சிரிக்கிறார் என்பதில் ஐயம் எழாது. அந்த ஆசிரியையின் கேள்விக்கு என்னிடமுள்ள விடை இவ்வளவுதான். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, மாணவிகளிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதுவே எனக்குப் போதும்.

மாணவிகளிடம் கேட்பதுதான் இப்போது ஆகவேண்டியது. கேட்கும் முறையை மட்டும் மாற்றவேண்டும். "இந்நாவலின் சிறப்புகளை விளக்குக" என்று கேட்டால், சிறப்பு உண்டு என்ற தீர்ப்பை நாமே எழுதி அதற்குச் சான்று மட்டும் கேட்கிறோம். அதற்குப் பதில், "எந்தப் பக்கத்தில் இந்நாவல் உனக்குச் சலித்தது? ஏன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சாம்புவைக் கொடுத்துவிட்டு, "எங்கே சிரித்தாய்? எங்கே சிரிப்பு வரவில்லை?" என்று கேளுங்கள். பரத்தும் சுசீலாவும் வரும் கதை ஒன்றைக் கொடுத்து, கடைசி அத்தியாயத்தைச் சுசீலாவின் வாயால் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் வகுப்பு விழிக்கும். ஐயா உண்மையாகவே கேட்கிறாரா, சோதிக்கிறாரா என்று ஐயுறும். இரண்டாம் வாரம் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும். அது எழுதிக் கொடுக்கும் தாளில் ஒற்றுப் பிழை இருக்கும்; 'பிடிக்கவில்லை' என்ற சொல் நான்கு முறை வரும். அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட மனம் வராதவர்கள் பாதியாவது போடட்டும்.